காற்று துக்கத்துக்கு உட்கார்ந்த நாட்கள்

காற்றுக்கும் மனிதனுக்கும் பேச்சுவார்த்தை இருந்த காலம் அது. மீன் பேசும், நண்டு பேசும், தண்ணீரில் மிதக்கிற பாசிகூடப் பேசும். யாரும் யாரிடமும் போய் நியாயம் கேட்கலாம். அதனால் சண்டைகளும் இப்போது இருப்பதைவிடக் கூடுதலாகவே இருந்தன.

அந்தக் காலத்தில் நம் கடலில் வருஷம் முழுக்க ஒரே காற்றுதான். கச்சான் என்று பேர். மேற்கேயிருந்து புறப்பட்டு வீசிக்கொண்டே இருக்கும். ஒரு நாளும் ஓய்வு கிடையாது. பாய் கட்டிய வத்தைப் படகுகளைத் தள்ளிக்கொண்டு போவதை எல்லாரும் பார்த்தார்கள். அது செய்த பெரிய வேலையை யாரும் பார்க்கவில்லை. கச்சான்தான் கடலை உழுதது. மேலே வெயிலில் காய்ந்த தண்ணீரைக் கீழே தள்ளும். கீழே கிடக்கிற குளிர்ந்த தண்ணீரை மேலே புரட்டும். செத்த மீன், மக்கிய தழை, ஆற்று வண்டல் எல்லாம் கரைந்து உரமாகக் கிடப்பது அந்த அடித்தண்ணீரில்தான்.

அந்த உரத்தைத் தின்று வளர்ந்தவை பாசித்துகள்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒரு கை தண்ணீர் அள்ளினால் அதற்குள் ஓர் ஊரே இருக்கும். வெயிலும் உரமும் ஒன்றாகக் கிடைத்துவிட்டால் காலையில் ஒன்றாக இருக்கிற துகள் சாயங்காலம் இரண்டாகிவிடும். துகளைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், பெரிய மீனை நாம் தின்போம். ஆக மொத்தக் கடலுக்கும் சோறு வடித்துப் போட்டது இந்தத் துகள்கள்தான். அதற்காக ஒருவரும் அவற்றிடம் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை.

கச்சான் அவற்றை ஓரிடத்தில் நிற்க விடாது. வெயிலுக்குத் தூக்கி வரும், கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள் தள்ளிவிடும்.

"இப்பத்தானய்யா மேல வந்தோம், கொஞ்சம் நிக்க விடேன்" என்று துகள்கள் கத்தும்.

"நின்னா கெட்டுப்போவீங்க" என்று சொல்லிவிட்டுக் கச்சான் தன் போக்கில் போகும்.

எதற்காக அப்படிச் சொல்கிறது என்று துகள்களுக்கும் விளங்கவில்லை. கச்சானுக்கும் முழுசாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். வேலை செய்கிறவர்கள் பாதிப்பேர் அப்படித்தான்.

அந்தக் கரையில் சிப்பித்துறை என்று ஒரு மீன்பிடி ஊர் இருந்தது. அங்கே சாத்தையா என்று ஒரு மண்டாடி. மண்டாடி என்றால் வத்தையில் முன்னால் நின்று திசை பார்த்து, வலை போடும் இடம் சொல்கிறவன். அவன் மனைவி நம்பாயி, சங்குக்கும் சிப்பிக்கும் முங்குகிறவள். மூச்சைப் பிடித்தால் கரையில் நிற்கிறவர்களுக்குப் பயம் வந்துவிடும், அவ்வளவு நேரம் பிடிப்பாள்.

சாத்தையாவும் கச்சானும் சிநேகிதர்கள். கச்சான் அவனை அண்ணே என்று கூப்பிடும். வீட்டுப்பக்கம் வந்தால் நம்பாயியை மதினி என்று கூப்பிட்டு, அவள் காயப்போட்ட புடவையைப் பறக்கவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போகும்.

ஒரு புரட்டாசி மாதத்து மத்தியானம் சாத்தையாவும் இன்னும் மூன்று பேரும் கடலில் இருந்தார்கள். மீன் நன்றாகப் பட்டிருந்தது. சாத்தையாவுக்குச் சந்தோஷம். பாயைத் தட்டி, "என்னடா தம்பி, இவ்வளவுதானா ஒன் வேகம்? வயசாயிப் போச்சா?" என்று கேட்டான். வழக்கமான கேலிதான். கச்சானுக்கும் அன்றைக்கு உற்சாகம். அண்ணனுக்குக் காட்டுகிறேன் பார் என்று ஒரு வீச்சு வீசியது. பாய்மரம் முறிந்தது, வத்தை கவிழ்ந்தது. மூன்று பேர் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை வந்தார்கள். சாத்தையா வரவில்லை.

சிப்பித்துறையில் ஒரு முறை உண்டு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள். எல்லா வத்தையும் மணலில் ஏறிவிடும். வலை நனையக் கூடாது. பதினாறாம் நாள் சாவு வீட்டுப் பெண் கரைக்கு வந்து, முதல் வத்தையின் மேல் கை வைத்துத் தள்ளிவிட வேண்டும். அப்போதுதான் ஊருக்குக் கடல் திறக்கும். நாள் எண்ணுவது சடலத்தை மண்ணுக்குள் வைத்த அன்றிலிருந்து.

அன்று சாயங்காலம் கச்சானும் கரைக்கு வந்தது. கூட்டத்துக்கு வெளியே தலை குனிந்து நின்றது.

"நான்தான்யா செஞ்சேன். நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டது.

ஊர்த்தலைவர் சேவுகன் முறை தெரிந்தவர். முறை தெரியும் என்பதை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதிலும் கெட்டிக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சாத்தையா வத்தையில போனது நாலு பேரு. அஞ்சாவது ஆளு நீ. அவன் கூட வேலை செஞ்சவன் எல்லாருக்கும் துக்கம் உண்டு. ஒனக்கும் உண்டு. உக்காரு."

கரையோரமாகக் குடை பிடித்த மாதிரி உடை என்கிற முள்மரம் ஒன்று இருந்தது. கச்சான் அதன் அடியில் போய் உட்கார்ந்தது.

காற்று உட்கார்ந்தால் கடல் என்ன ஆகும் என்று அப்போது யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாவு வீட்டில் அப்படிக் கேட்டால் ஈரம் இல்லாதவன் என்று பேர் வந்துவிடும். அதுவும் இல்லாமல், சேவுகன் சொன்னது கேட்பதற்கு நன்றாக இருந்தது.

நம்பாயிக்கு அது ஆறுதலாகவே இருந்தது. அலை அடங்கிவிட்டது. தண்ணீர் அசையாமல் நின்றதால் ஆள் எங்கே விழுந்திருந்தாலும் அங்கேயேதான் கிடப்பான், தேடிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாளே முங்கினாள். ஊரில் முங்கத் தெரிந்த ஆண்களும் முங்கினார்கள். அடிமணலில் நண்டு நடந்த தடம் வரைக்கும் தெரிந்தது. வத்தை கவிழ்ந்த இடத்திலிருந்து வடக்கே தேடினார்கள், கிழக்கே தேடினார்கள். வழியில் பார்த்த மீனிடமெல்லாம் நம்பாயி கேட்டாள். நண்டிடம் கேட்டாள், சுறாவிடம்கூடக் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை.

நான்காம் நாள் உள்நாட்டில் மழை பெய்து ஆறு இறங்கி வந்தது. செம்மண்ணும் வண்டலும் வயல் உரமும் சுமந்துகொண்டு வந்து, முகத்துவாரத்தில் நின்று, "யாரும் இல்லையா? என்னைக் கடலோட கலந்துவிட ஆள் இல்லையா?" என்று கேட்டது. கலக்குகிறவன் துக்கத்தில் இருந்தான். ஆற்றுத் தண்ணீர் லேசானது. குழம்பின் மேல் எண்ணெய் நிற்பதுபோல உப்புத் தண்ணீரின் மேல் பரவி நின்றது. மேலே நல்ல வெயில். தண்ணீர் சூடேறியது.

துகள்களுக்குக் கொண்டாட்டம். கீழே தள்ள ஆள் இல்லை, நாள் முழுக்க வெயில், வாயைத் திறந்தால் வண்டல். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. "இதத்தானய்யா எத்தன நாளாக் கேட்டோம்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிச் சிரித்தன. ஆறாம் நாள் கடல் இளம்பச்சையாயிற்று. எட்டாம் நாள் அரைத்த மருதாணியைக் கரைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. முங்கினவர்களுக்கு நீட்டிய கை தெரியவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராகக் கரையேறிவிட்டார்கள். நம்பாயி மட்டும் தடவித் தடவித் தேடினாள்.

ஒன்பதாம் நாள் விடிந்தபோது கரையோரத்தில் ஓரா மீன்கள் கூட்டமாக வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு கிழவர், "என்னங்கடா, இங்க வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"உள்ள மூச்சு இல்ல பெரியவரே. செவுள்ல கொழகொழன்னு ஒட்டுது. ராத்திரியானா ஒண்ணுமே கிடைக்கல" என்றது ஓர் ஓரா. மத்தியானத்துக்குள் அது மணலில் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் விலாங்கு, நண்டு, சாளை, பேர் தெரியாத குஞ்சுகள். நாற்றம் ஊருக்குள் வந்தது. வலை நனைக்கக் கூடாது, செத்துக் கிடப்பதைத் தின்னவும் முடியாது. பிள்ளைகள் பசியில் அழுதன.

ஊர் சேவுகனிடம் போனது. "ஏதாவது செய்யுங்கய்யா" என்றது.

"முறைன்னா முறைதான். சடலம் கிடைக்கணும், மண்ணுக்குள்ள வைக்கணும், அதுக்கப்புறம் பதினாறு நாள்" என்றார் சேவுகன். சொல்லும்போதே அவருக்கு உள்ளுக்குள் இடித்தது. சடலம் கிடைக்காவிட்டால் நாள் எப்போது தொடங்கும் என்று அவர் யோசித்திருக்கவில்லை. ஆனால் தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க அவருடைய மீசை இடம் கொடுக்கவில்லை. "வேணும்னா நம்பாயியக் கேளுங்க. சாவு வீட்டுக்காரி சொன்னா அது வேற" என்று தள்ளிவிட்டார்.

பெண்கள் நம்பாயி வீட்டுக்குப் போனார்கள். "கச்சான எழுந்துக்கச் சொல்லு ஆத்தா. ஊரு தாங்காது" என்றார்கள்.

"அவரு இங்கதான் எங்கயோ கெடக்குறாரு" என்றாள் நம்பாயி. "காத்து எழுந்துச்சுன்னா எந்தக் கரைக்குப் போவாரோ, எவன் பாப்பானோ. ஒரு பிடி மண்ணு நான் போட வேணாமா? ஒங்க வீட்டு ஆளா இருந்தா விட்டுருவீங்களா?"

விடமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். திரும்பிப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் நம்பாயி தனியாகக் கடலுக்குள் இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். இனி யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அப்போது தன்னைச் சுற்றி ஏதோ முனகுவது காதில் விழுந்தது. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினாள். கஞ்சிபோல் கெட்டியாக இருந்தது.

"ஆத்தா" என்றது அந்தத் தண்ணீர். துகள்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் பேசின. குரலில் சிரிப்பு இல்லை.

"நீங்கதான் எல்லா எடத்துலயும் இருக்கீங்களே" என்றாள் நம்பாயி. "எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"எப்ப? எங்க?"

"கவுந்த அன்னைக்கே. மொட்டப்பாறைக்குத் தெக்க, கடல்புல்லுக்குள்ள சிக்கிக் கெடந்தாரு. மறுநாளும் அங்கதான் இருந்தாரு. நாங்க அவரு மேலதான் மெதந்துக்கிட்டு இருந்தோம்."

"பாவிங்களா, ஏன் சொல்லல?"

"நீங்க சுறாகிட்டக் கேட்டீங்க, நண்டுகிட்டக் கேட்டீங்க. எங்ககிட்ட யாரு கேட்டா?"

நம்பாயி தண்ணீரைக் கையிலிருந்து விட்டாள். மொட்டைப்பாறை நீந்திப் போகிற தூரம்தான். நீந்தினாள். பாறைக்குத் தெற்கே மூச்சை இழுத்துப் பிடித்து முங்கினாள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே பச்சை. புல்லைக் கையால் துழாவினாள். பாறையில் உரசி விரல்கள் கிழிந்தன. எத்தனையோ முறை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினாள். கையில் அகப்பட்டதெல்லாம் செத்த விலாங்குகள். ஒரு முறை எதையோ பற்றிக்கொண்டு, அவர்தான் என்று மார்போடு அணைத்து மேலே கொண்டுவந்தாள். அழுகிய புல்கற்றை.

பாறையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் இங்கதான் இருக்காரா? அதையாவது சொல்லுங்க" என்றாள்.

"தெரியல ஆத்தா. அப்ப நாங்க கொஞ்சப் பேரு, பாக்க முடிஞ்சுது. இப்பப் பக்கத்துல நிக்கிறது யாருன்னே எங்களுக்குத் தெரியல. ஆத்து வண்டலு தீந்துபோச்சு, தின்ன ஒண்ணுமில்ல. கீழ இருந்து கொண்டாந்து குடுக்கிறவன் உக்காந்துட்டான். பகல்ல வெயிலு இருக்குற வரைக்கும் நாங்க தண்ணிக்கு மூச்சு குடுக்குறோம். பொழுது சாஞ்சா அதே மூச்ச நாங்களே இழுத்துக்கிறோம். செத்தவன் மேல செத்தவன் விழுறான். அழுகுறதும் அந்த மூச்சத்தான் திங்குது. மீனு கேட்டா குடுக்க எங்ககிட்ட இல்ல. நிக்க விடுன்னு கேட்டவங்க நாங்கதான். போதும்னு சொல்ல எங்களுக்குத் தெரியல. நீங்களாவது சொல்லுங்க."

நம்பாயி பாறையில் ஏறி உட்கார்ந்தாள். அவரைக் கண்டுபிடிக்கத்தான் அவள் தண்ணீரை அசையவிடாமல் வைத்திருந்தாள். அசையாத தண்ணீர்தான் அவரை மூடிவிட்டது. இன்னும் எத்தனை நாள் வைத்திருந்தாலும் இன்னும் கெட்டியாக மூடும், வேறொன்றும் நடக்காது. இது அவளுக்கு விளங்கியபோது அழுகை வந்தது. பன்னிரண்டு நாளாக அவள் அழவில்லை. சடலம் வரட்டும், அப்போது அழுதுகொள்ளலாம் என்று வைத்திருந்தாள். இப்போது ஒருவரும் பக்கத்தில் இல்லாத இடத்தில், வாய்விட்டு, தொண்டை வறள அழுதாள். அழுது முடித்துக் கரைக்கு நீந்தி வந்தாள்.

தலைமுடியெல்லாம் பச்சையாக, நேராக உடை மரத்தடிக்குப் போனாள். ஊர் தூரத்தில் நின்று பார்த்தது. கச்சான் முழங்காலுக்குள் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தது. மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

"எந்திரி தம்பி" என்றாள்.

"அண்ணன் இன்னும் வரலையே மதினி."

"வரமாட்டாரு."

"நான் எந்திரிச்சா அவர எங்கயாவது தூக்கிட்டுப் போயிருவேன். மறுபடியும் நானே செஞ்ச மாதிரி ஆயிரும்."

"ஆமா. அப்பவும் நீதான், இப்பவும் நீதான்" என்றாள் நம்பாயி. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அவளுக்குப் பரவாயில்லை என்று இருக்கவும் இல்லை. "அதுக்காக நீ இப்படியே உக்காந்து, கடல்ல இருக்குற அத்தன உசுரும் போகணுமா? ஒரு சாவுக்கு எத்தன சாவுடா?"

கச்சான் எழுந்திருக்கவில்லை. நம்பாயி குனிந்து அதன் முதுகில் கையை வைத்தாள். பதினாறாம் நாள் வத்தையைத் தள்ளிவிடுகிற மாதிரியே, கிழிந்த விரல்களால் அழுத்தித் தள்ளினாள். அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முறை இல்லை. கச்சான் எழுந்தது. எழுந்தும் தயங்கி நின்றது.

"மேக்க இருந்து என்னால முடியாது மதினி. அந்தப் பக்கமா வந்துதான் அண்ணன் வத்தையக் கவுத்தேன். அந்த வழியில எனக்குக் கை எழாது."

"அப்ப வேற பக்கமா வா. எந்தப் பக்கமா வந்தா என்ன, வேலையப் பாரு."

கச்சான் ஊரைச் சுற்றிக்கொண்டு போய், வடகிழக்கிலிருந்து திரும்பி வந்தது. வரும்போது அது பழைய கச்சானாக இல்லை. குளிர்ந்து போயிருந்தது, மழையைக் கூட்டிக்கொண்டு வந்தது, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் ஊர் அதற்கு வாடை என்று வேறு பேர் வைத்தது.

வாடை கடலில் இறங்கியதும் பச்சை துண்டு துண்டாகக் கிழிந்தது. அடித்தண்ணீர் மேலே வந்தது. அழுகியது கீழே போயிற்று. துகள்கள் வெயிலுக்கும் இருட்டுக்குமாகப் புரண்டன. இந்த முறை ஒன்றுகூட நிற்க விடு என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. உயிரோடு இருந்த மீன்கள் ஆழத்திலிருந்து திரும்பி வந்தன. சாத்தையா வரவில்லை. அந்தக் கரையிலும் வரவில்லை. அடுத்த கரைகளில் கேட்டதில் அங்கேயும் இல்லை.

காற்று எழுந்த அன்றைக்கே சேவுகன் நம்பாயி வீட்டுக்கு வந்தார். நடந்தது அவருக்குச் சந்தோஷம்தான்; ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காத்துக்குச் சரி ஆத்தா. ஊருக்குப் பதினாறு எப்பன்னு வச்சுக்கிறது? சடலமே இல்லாம நாளு எப்படி எண்ணுறது?"

நம்பாயி விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பன்னண்டு நாளு ஆயிருச்சு. இன்னும் நாலு நாளு இருக்கு" என்றாள்.

சேவுகன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான்காம் நாள் காலையில் நம்பாயி கரைக்கு வந்து முதல் வத்தையைத் தள்ளிவிட்டாள்.

அது நடந்ததற்குப் பிறகுதான், ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி முடிகிற சமயத்தில் மேற்குக் காற்று சில நாள் உட்கார்ந்துவிடுகிறது. கடல் அசையாமல் நிற்கிறது. ஆற்று வண்டலும் வெயிலும் கூடிவிட்ட வருஷங்களில் துகள்கள் பெருகித் தண்ணீர் பச்சையாகிறது, மீன் கரையொதுங்குகிறது. அந்தப் பச்சைக்குப் பூங்கோரை என்று பேர்; பூங்கோரை வந்திருக்கிறது என்று சொல்லி ஊர் வத்தைகளை மணலில் ஏற்றிவிடுகிறது. அப்புறம் காற்று எதிர்ப்பக்கமாக எழுந்து வந்து கடலை உழுகிறது. சில மாதம் போய்த் துக்கம் ஆறியதும், மறுபடி மேற்கே போய்க் கச்சானாகிவிடுகிறது. அன்று முதல்தான், கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் அந்தக் கரையில் சடலத்துக்காக யாரும் நாளை நிறுத்தி வைப்பதில்லை. வத்தை வராத சாயங்காலத்தையே முதல் நாளாக எண்ணி, அன்றைக்கே அழுதுவிடுகிறார்கள்.